மேகம் இல்லாத ஊரில் ஒரு மேகப் பாடம்

ஃபீனிக்ஸ் நகரத்தில் நான் கால் வைத்தது மே மாத முதல் வாரம். கோவில்பட்டியில் அக்னி நட்சத்திரம் தொடங்குகிற நேரம். அதிலிருந்து தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டு ஸ்கை ஹார்பர் விமான நிலையக் கதவைத் தாண்டினால், விறகடுப்பில் குனிந்தது மாதிரி முகத்தில் அனல் அடித்தது. அண்ணாந்து பார்த்தேன். நீலம், நீலம், நீலம். ஒரு பொட்டு மேகம் கிடையாது.

"வருஷத்துல பெரும்பாலான நாள் இப்படித்தாம்மா இருக்கும். அதனாலதான் இத்தனை ஃபிளையிங் ஸ்கூல் இங்க வந்து உட்கார்ந்திருக்கு" என்றாள் மகள், பெட்டியை இழுத்துக்கொண்டே.

அந்த ஊரில் அவள் படித்துக்கொண்டிருந்த பாடம் என்ன தெரியுமா? மேகத்துக்குள் விமானம் ஓட்டுவது. அந்தத் தேர்வில்தான் தோற்றுப் போயிருந்தாள். பென்ஷன் வாங்குகிற நான் கடல் தாண்டிப் போனதும் அதற்காகத்தான்.

விமானி ஆவதற்கான முதல் உரிமம் வாங்கிவிட்டால் எங்கு வேண்டுமானாலும் பறக்கலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கண்ணுக்கு வெளியே தரையும் தொடுவானமும் தெரிகிற வரைதான் அந்த உரிமம் செல்லும். மேகத்துக்குள் நுழைய வேண்டுமானால், முன்னால் உள்ள கருவிகளை மட்டுமே பார்த்து ஓட்டத் தெரிய வேண்டும். அதற்கான தகுதிதான் 'இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்'. அது கையில் இல்லாவிட்டால் பெரிய விமானக் கம்பெனி வேலையை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

எழுத்துத் தேர்வில் அவள் வாங்கியது 93. தேர்ச்சிக்கு 70 போதும். மொத்தம் 60 கேள்விகள். அவள் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு வந்திருக்கிறாள். அடுத்தது பரிசோதகர் எதிரே உட்கார்ந்து வாய்மொழித் தேர்வு, அதன் பிறகு அவரோடு பறந்து காட்ட வேண்டும். வாய்மொழியோடு கதை முடிந்துவிட்டது. விமானத்தில் ஏறவே இல்லை.

என் ஓய்வூதியப் பணப்பலன், அதற்கு மேல் வீட்டை வைத்து வாங்கிய வங்கிக் கடன். இரண்டும் அந்த ஊரில்தான் கரைந்துகொண்டிருந்தன. போனில் அவள் அழவில்லை. "நான் திரும்பி வந்திரட்டுமாம்மா?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கே டிக்கெட் பார்க்கச் சொன்னேன்.

டீர் வேலி சன்னல்

மறுநாள் காலை என்னை டீர் வேலி விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனாள். ஃபீனிக்ஸ் நகரின் வடக்கு ஓரம். அமெரிக்காவில் மிகவும் பரபரப்பான சிறு விமான நிலையங்களில் இதுவும் ஒன்று. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓடுபாதைகள். ஒன்று இறங்க, ஒன்று ஏற, இன்னொன்று தொட்டுவிட்டு மறுபடி எழ. பண்டிகைக்கு முந்தின நாள் எங்கள் ஊர் பேருந்து நிலையம் தோற்றது.

சுற்றிலும் பழுப்பு மலைகள். கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி சாகுவாரோ கள்ளிச் செடிகள். அங்குள்ள உணவகத்தில் சன்னல் ஓரம் உட்கார்ந்து பார்த்தேன். எல்லாம் நான்கு இருக்கை செஸ்னா, பைப்பர் வகை விமானங்கள். சிலவற்றில் ஓட்டுகிற பிள்ளை கண்ணில் விநோதமான கண்ணாடி மாட்டியிருந்தது.

"அதுக்குப் பேரு ஃபாகிள்ஸ்மா. மேல்பாதி மங்கலா இருக்கும். வெளிய தெரியாது, கீழ இருக்குற கருவி மட்டும் தெரியும். மேகத்துக்குள்ள இருக்குறதா நெனச்சுக்கணும்."

வண்டிக் குதிரைக்குக் கண்மறைப்பு கட்டுகிற கதைதான். பக்கத்து இருக்கையில் பயிற்றுநர் கண் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். உரிமத்துக்குத் தேவையான 40 மணி நேரக் கருவிப் பயிற்சியில் பெரும்பகுதியை இப்படிக் கண்ணாடி மாட்டியே முடித்துவிடுகிறார்கள். சட்டமும் அதை ஏற்கிறது.

"நிஜ மேகம் வரவே வராதா?"

"குளிர்காலத்துல வரும். ஆனா மலை இருக்குறதால உயரமாப் பறக்கணும். அந்த உயரத்துல மேகத்துக்குள்ள ரெக்கையில ஐஸ் பிடிச்சிரும். ஜூலை, ஆகஸ்ட்ல வர்றது இடிமேகம். அதுகிட்டப் போகவே கூடாது."

ஆக, மேகத்துக்குள் ஓட்டக் கற்றுக்கொள்கிற பிள்ளைகளில் பல பேர் மேகத்தைத் தொடாமலே படிப்பை முடிக்கிறார்கள். அப்படியானால் மேகம் எங்கே இருக்கிறது? புத்தகத்தில்தான். எந்தப் புத்தகத்தை எடுக்கிறோம் என்பது இந்த ஊரில் சின்ன விஷயம் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

கைடா, பாடநூலா?

விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே விமானிகளுக்கான கடை ஒன்று. ஹெட்செட், வரைபடம், முழங்காலில் கட்டிக்கொள்கிற எழுதுபலகை, சுவர் நிறையப் புத்தகங்கள். புதுமண்டபத்துப் புத்தகக் கடைக்குள் நுழைந்த மாதிரி எனக்குக் கை பரபரத்தது.

நான் முப்பது வருடம் அரசுப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள். ஒரு படிப்புக்கான புத்தக அலமாரியைப் பார்த்தால், எது பாடநூல், எது கைடு என்று அட்டையை வைத்தே சொல்லிவிடுவேன். அங்கே கைடு வகைதான் கண் எதிரே அடுக்கியிருந்தது. வினா, விடை, கீழே இரண்டு வரி விளக்கம். அதையே மொபைல் செயலியாகவும் விற்கிறார்கள்.

மகள் படித்தது அப்படி ஒரு செயலியை மட்டும்தான். ஆயிரத்துக்கு மேற்பட்ட கேள்விகள். கேள்வியின் முதல் நான்கு வார்த்தையைப் பார்த்ததும் விடை 'சி' என்று விரல் போய்விடுகிற அளவுக்கு உருப்போட்டிருந்தாள்.

பரிசோதகர் அவளிடம் 'ஏ, பி, சி' கேட்கவில்லை. "மேகத்துக்குள் இருக்கிறாய். விமானத்தின் வாக்வம் பம்ப் நின்றுவிட்டது. உனக்கு எப்படித் தெரியும்? எதை நம்புவாய்?" என்று கேட்டிருக்கிறார்.

அவள் ஓட்டுகிற பழைய செஸ்னா 172இல், விமானம் சாய்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்று காட்டும் செயற்கைத் தொடுவானமும், திசை காட்டும் கருவியும் காற்றை உறிஞ்சும் ஒரு பம்ப்பின் பலத்தில் சுழல்கின்றன. பம்ப் நின்றால் அவை சட்டென்று சாகாது. மெதுவாகச் சாய்ந்து பொய் சொல்ல ஆரம்பிக்கும். திருப்பத்தைக் காட்டுகிற கருவி மட்டும் மின்சாரத்தில் ஓடுவதால் உண்மை சொல்லிக்கொண்டிருக்கும். செயலியில் இந்தக் கேள்விக்கு அவள் நூறு முறை சரியான விடை தட்டியிருக்கிறாள். ஆனால், எதிரில் ஒரு மனிதர் காரணம் கேட்டபோது வாய் திறக்கவில்லை.

அதைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. ஏன் தெரியுமா? பள்ளியில் என் கடைசி சில வருடங்கள், 'தேர்ச்சி சதவீதம் என்ன ஆச்சு?' என்று மேலே இருந்து கேட்டுக்கொண்டே இருந்த காலம். நாற்பது 'முக்கிய வினாக்கள்' தட்டச்சு செய்து, ஜெராக்ஸ் எடுத்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தேன். பாடநூலைத் திறக்காமலே பாஸ் ஆனார்கள். அந்தத் தாளை முதலில் மனப்பாடம் செய்து ஒப்பித்தவள் என் மகள்தான்.

எழுபது வயது ஆசிரியர்

அவள் பள்ளியில் தரைப்பாடம் எடுக்கிற ஒரு பெரியவர் இருந்தார். எழுபதைத் தொடுகிற வயது. விமானக் கம்பெனியில் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் ஆசிரியை என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். மகளை மொழிபெயர்க்கச் சொல்லி ஒரு மணி நேரம் பேசினோம். கடையில் நான் பார்த்த அலமாரியை அவர் அப்படியே தலைகீழாக அடுக்கிக் காட்டினார்.

முதலில் காசே கொடுக்காத புத்தகங்கள். அமெரிக்க அரசின் விமானத் துறையான எஃப்.ஏ.ஏ., 'இன்ஸ்ட்ருமென்ட் ஃபிளையிங் ஹேண்ட்புக்', 'இன்ஸ்ட்ருமென்ட் புரொசீஜர்ஸ் ஹேண்ட்புக்', 'ஏவியேஷன் வெதர் ஹேண்ட்புக்' ஆகியவற்றைத் தன் இணையதளத்தில் இலவச பி.டி.எஃப். ஆகப் போட்டிருக்கிறது. முதலாவது, கருவிகள் எப்படி வேலை செய்கின்றன, உடம்பு நம்மை எப்படி ஏமாற்றும் என்று சொல்வது. இரண்டாவது, கிளம்புவதிலிருந்து இறங்குவது வரை நடைமுறை. மூன்றாவது வானிலை. பரிசோதகர் எதைக் கேட்கலாம், எந்த அளவுக்குத் தவறு பொறுக்கலாம் என்று வரையறுக்கும் 'ஏ.சி.எஸ்.' என்ற ஆவணமும் இலவசம்தான். "கேள்வித்தாள் தயாரிப்பவரின் குறிப்பேட்டையே கையில் கொடுத்திருக்கிறார்கள். அதைப் படிக்காமல் கைடு வாங்குகிறார்கள்" என்று சிரித்தார்.

அடுத்தது சட்டவிதிகளும் நடைமுறைக் கையேடும் சேர்ந்த 'ஃபார்-எய்ம்' என்ற தடிமனான புத்தகம். வருடா வருடம் புதுப்பிப்பு வரும் என்பதால் பழையது வாங்கக்கூடாது. பிறகு, எல்லோரும் மறந்துவிடுகிற ஒன்று: ஓட்டுகிற விமானத்தின் சொந்தக் கையேடு. வாக்வம் பம்ப்பில் எது ஓடுகிறது என்ற விடை அதில்தான் இருக்கிறது.

வீடியோ வகுப்புகள் சில நூறு டாலருக்கு விற்கின்றன. "ஒன்று வாங்கு, முழுக்கப் பார். மூன்று வாங்கி மூன்றையும் பாதியில் விடாதே" என்றார். வானிலைக்கு ராபர்ட் பக் எழுதி 1970இல் வந்த 'வெதர் ஃபிளையிங்' புத்தகத்தையும் சொன்னார். வினா வங்கி? "வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தேர்வுக்கு முந்தின கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள். ஊறுகாயைச் சோறாகச் சாப்பிடாதே" என்று அவர் சொன்ன அர்த்தத்தை மகள் எனக்கு இப்படித்தான் மொழிபெயர்த்தாள்.

இறங்கும் பாதைக்கான வரைபடங்களையும் மேசையில் பரப்பினார். ஒரு விமான நிலையத்தில், ஒரு ஓடுபாதைக்கு, ஒரு முறைக்கு ஒரு பக்கம். எந்த உயரத்துக்குக் கீழே இறங்கக்கூடாது, ஓடுபாதை தெரியாவிட்டால் எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்று எல்லாம் அந்த ஒரு தாளில். 28 நாளைக்கு ஒருமுறை இவை புதுப்பிக்கப்படும். பஞ்சாங்கமாவது ஒரு வருடம் தாங்கும்!

இந்தத் தாள்களுக்கும் ஒரு மூதாதை உண்டு. எல்ரே ஜெப்பசன் என்ற அமெரிக்கத் தபால் விமானி, 1930களின் தொடக்கத்தில் ஒரு சின்னக் கறுப்பு நோட்டுப் புத்தகத்தில் மலைகளின் உயரம், இறங்கத் தோதான வயல்கள், வானிலை விசாரிக்க விவசாயிகளின் போன் நம்பர் எல்லாவற்றையும் குறித்து வைத்தார். சக விமானிகள் கேட்டுக்கொண்டே இருந்ததால், 1934இல் பிரதி 10 டாலருக்கு விற்கத் தொடங்கினார். தானே பார்த்து, தானே அளந்து எழுதிய நோட்டு. முதல் பாடநூல் அதுதான் என்றார் பெரியவர்.

சமையல் மேசை வகுப்பு

அன்று இரவு முதல் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை வகுப்பறை ஆனது. ஒரே ஒரு விதி வைத்தேன். "எனக்கு விமானம் தெரியாது, உனக்குத் தெரியும். தமிழ்ல எனக்குப் புரிய வை."

முதல் நாள் திணறினாள். ஆங்கிலத்தில் சரளமாக வந்தது, தமிழில் சொல்லப் போனால் பாதியில் நின்றது. எங்கே நிற்கிறதோ அங்கே அவளுக்கே புரியவில்லை என்று அர்த்தம். புத்தகத்தைத் திற, படி, மறுபடி சொல்லு.

'ஹோல்டிங்' என்றாள். இறங்க இடம் கிடைக்காத விமானத்தைக் காத்திருக்க வைப்பது. "அவுட்டர்ல ரயிலை நிறுத்தி வைக்கிற மாதிரியா?" என்றேன். "ஆமாம்மா, ஆனா விமானம் நிக்க முடியாதுல்ல? அதனால சுத்தும்." விநாடிக்கு 3 டிகிரி திரும்பினால் அரைவட்டத்துக்கு ஒரு நிமிடம். நேராக ஒரு நிமிடம், மறுபடி அரைவட்டம், மறுபடி நேராக. காற்றில்லாத நாளில் ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடம். கொத்தமல்லியைக் கிள்ளிக்கொண்டே கணக்குப் போட்டுச் சரிபார்த்தேன். அவளும் அப்போதுதான் அதைக் கணக்காகப் பார்த்தாள். அதுவரை அது அவளுக்கு ஒரு விடை.

உடம்பு ஏமாற்றுகிற பாடத்துக்கு வந்தபோது எனக்கே மயிர் கூச்செறிந்தது. நம் காதுக்குள் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. திரும்பத் தொடங்கும்போது உணர்வு கிடைக்கும். ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் திரவமும் அதோடு சுழல ஆரம்பித்து, நேராகப் போவதாகத் தோன்றும். நிமிர்த்தினால், எதிர்ப்பக்கம் திரும்புவதாகத் தோன்றும். கண் மூடிக்கிடக்கும்போது காது சொல்வதெல்லாம் பொய்.

1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாத நிலையில் ஓட்டச் சொன்னார்கள். பக்கத்தில் பயிற்றுநர் இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால், இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடிகளில்.

மூன்று நிமிடம்கூட இல்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நிஜ மேகத்தைத் தேடி

அரிசோனாவில் மேகம் இல்லாவிட்டால் என்ன, கலிஃபோர்னியாக் கடற்கரையில் இருக்கிறது. மே, ஜூன் மாதங்களில் குளிர்ந்த பசிபிக் கடல் மேல் தாழ்வான மேகம் படர்ந்து காலையில் கரைக்கு வரும். 'மே கிரே', 'ஜூன் குளூம்' என்று அங்கே பெயரே வைத்திருக்கிறார்கள். இடி கிடையாது, ஐஸ் கிடையாது. பெரியவரும் பயிற்றுநரும் பேசி, சான் டியாகோவுக்கு ஒரு பயிற்சிப் பயணம் ஏற்பாடு செய்தார்கள். பின்னிருக்கை காலியாக இருந்தது. என் எடையைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக எடையை மறைக்காமல் சொன்னேன்.

வெயில் ஏறுவதற்கு முன் கிளம்பினோம். கீலா பெண்ட், யூமா என்று பாலைவனம் காலடியில் ஓடியது. கொலராடோ ஆற்றைத் தாண்டியதும் மணல்மேடுகள், அதை ஒட்டியே கட்டம் கட்டமாக இம்பீரியல் பள்ளத்தாக்கின் பச்சை வயல்கள். கால்வாய்த் தண்ணீர் செய்த வேலை. அதற்கப்புறம் மலைத்தொடர். மலை உச்சியைத் தாண்டியதும் பூமியைக் காணோம். கடல் வரைக்கும் வெள்ளைப் பஞ்சு விரித்துக் கிடந்தது.

மாண்ட்கோமரி விமான நிலையத்துக்கு இறங்கும் தாள் மகளின் முழங்காலில். மேகத்தின் மேல்தளம் 2,300 அடி, அடித்தளம் 1,300 அடி என்று ஹெட்செட்டில் கேட்டது. நான் கணக்குப் போட்டேன். நிமிடத்துக்கு 500 அடி இறங்கினால் இரண்டு நிமிடம். 120 விநாடி.

உள்ளே போனோம். வெளிச்சம் அப்படியே சாம்பலாக மாறியது. ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். நாற்பதாவது எண்ணில் விமானம் இடதுபக்கம் சரிகிறது என்று என் உடம்பு சத்தியம் செய்தது. கை தானாக இருக்கையைப் பிடித்தது. மகளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். செயற்கைத் தொடுவானம் நேராக இருந்தது. பம்ப்பின் அளவுமானி சரியாக இருந்தது. திருப்பக் கருவியும் நேர். மூன்றும் ஒரே சாட்சி. பயிற்றுநர் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். அவள் தலை ஆடவில்லை. கண் மட்டும் ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்குப் போய்வந்துகொண்டிருந்தது.

நூற்றிருபதைத் தாண்டியபோது சாம்பல் கிழிந்தது. கீழே வீடுகள், நெடுஞ்சாலை, நேர் எதிரே ஓடுபாதை விளக்குகள்.

அன்று மூன்று முறை அதே மாதிரி ஏறி இறங்கினாள். லாக் புத்தகத்தில் நிஜ மேகத்துக்கான கட்டத்தில் அவள் எழுதியது 0.2 மணி நேரம்தான். மேசையில் நாங்கள் உட்கார்ந்தது எத்தனையோ இரவு. ஆனால், அந்த 0.2ஐ அவளுக்குக் கொடுத்தது அந்த இரவுகள்தான்.

ஜூனில் நான் ஊர் திரும்பிய பிறகு மறுதேர்வு எழுதினாள். பரிசோதகர் மறுபடியும் வாக்வம் பம்ப்பில்தான் தொடங்கினாராம். "தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல சொன்னேம்மா" என்றாள். பாஸ். கடன் இன்னும் இருக்கிறது. இந்தியா வந்ததும் நம் விமானத் துறையின் தேர்வுகள் வேறு காத்திருக்கின்றன. ஆனால், 'திரும்பி வந்திரட்டுமா' என்ற கேள்வி போய்விட்டது.

பிள்ளையை இந்தப் படிப்புக்கு அனுப்ப நினைக்கிற பெற்றோருக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்வேன். பீஸ் எவ்வளவு என்று கேட்பதோடு, எதை வைத்துப் படிக்கிறாய் என்றும் கேளுங்கள். இலவசமாகக் கிடைக்கிற பாடநூலைத் திறந்திருக்கிறானா என்று பாருங்கள். உங்களுக்குப் புரியாது என்று ஒதுங்காதீர்கள். புரியாதவருக்குச் சொல்லிப் பார்ப்பதைவிட நல்ல பரிசோதனை இல்லை.

ஊர் வந்த வாரம் பக்கத்து வீட்டுப் பிளஸ் டூ பையன் வாசலில் நின்றான். "டீச்சர், அந்த நாப்பது இம்பார்ட்டன்ட் கொஸ்டின் ஜெராக்ஸ் இன்னும் இருக்கா?"

பீரோவில் இருந்தது. எடுக்கவில்லை. "புஸ்தகத்தை எடுத்துட்டு உள்ள வா" என்று விளக்கைப் போட்டேன்.